முகூர்த்தம் இல்லாத நாள்களில்

நான் 31 வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள். ஓய்வு பெற்ற மறு வருஷமே இடது மார்பில் கட்டி. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எழுந்தபோது இடது கையால் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. இப்போது திருச்சியில் எங்கள் தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தில் வாரம் மூன்று காலை, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் முடித்தவர்களுக்கும் உடற்பயிற்சிக் குழு நடத்துகிறேன். எங்கள் ஊரிலும் தொடங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இது.

முதலில் இடம். பூங்கா வேண்டாம். எங்கள் ஆரம்பம் பூங்காவில்தான். பத்தே நாளில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். உட்கார நிழலில்லை, கழிவறை பூட்டிக் கிடந்தது. குடல் ஆபரேஷன் ஆனவர் கழிவறை இல்லாத இடத்துக்கு ஏன் வரப் போகிறார்? மண்டபத்தில் எல்லாம் இருக்கிறது: தரைத்தளம், மின்விசிறி, முந்நூறு நாற்காலி. அதைவிட முக்கியம் மணமகள் அறை. குடல் ஆபரேஷனுக்குப் பின் மலம் சேர வயிற்றில் பை வைத்திருப்பவர் அதைச் சரிசெய்யவும், முடி கொட்டியவர் தலைத்துணியைக் கழற்றி வேர்வை துடைக்கவும் தாழ்ப்பாளும் கண்ணாடியும் உள்ள அறை அது.

மேனேஜர் தம்பி தயங்கினார். “டீச்சர், மங்கல காரியம் நடக்கிற இடம்...” என்று இழுத்தார். “காலி மண்டபம்தானே தம்பி, கரண்டு காசு நான் தர்றேன்” என்றேன். சரி என்றுவிட்டார். பலகையில் நோயின் பெயரைப் போடாதீர்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீட்டுக்காரர்கள் அந்த வாசல்படி ஏற மாட்டார்கள். எங்களுடையது வெறும் ‘காலைப் பயிற்சிக் குழு’.

அப்புறம் சீட்டு. சிகிச்சை தரும் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் சேர்ப்பேன். என்ன செய்யலாம் என்பதைவிட என்ன கூடாது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். எலும்பில் பரவியிருந்தால் முதுகைத் திருகுவதும் குனிந்து தூக்குவதும் ஆபத்து. வயிற்று ஆபரேஷன் ஆனவர் மூச்சை அடக்கி முக்கக் கூடாது. ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் அன்று ஓய்வு. கீமோ காலத்தில் 100.4 டிகிரி காய்ச்சல் காட்டினால் மண்டபத்துக்கு இல்லை, நேராக ஆஸ்பத்திரிக்கு. இந்த ஒன்றை மட்டும் எல்லோர் போனிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் பழக்கதோஷத்தில் கழுத்தில் விசிலோடு போனேன். ஊதினேன், எல்லோரும் வேகமாக நடந்தார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு அக்கா தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வந்திருக்கிறார். விசில் கேட்டதும் பள்ளிக்கூடப் பயம், நிற்கத் தோன்றவில்லையாம். விசில் பரணுக்குப் போயிற்று. பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது.

பயிற்சிக்கு வருவோம். ஆளுக்கொரு நாற்காலி, சுவரை ஒட்டி. ஜமுக்காளத்தைச் சுருட்டி வைத்துவிடுங்கள். கீமோவில் பாதம் மரத்துப்போனவர்களை அதன் ஓரம் தடுக்கிவிடும். பேசிக்கொண்டே நடக்கிற வேகத்தில் முதலில் மண்டபத்தைச் சுற்றுகிறோம். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பாட முடிந்தால் கூட்டலாம். புதிதாக வந்தவருக்கு ஐந்து நிமிஷம் போதும்.

பிறகு கைகளை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. 30 விநாடியில் எத்தனை என்று மாதம் ஒருமுறை நோட்டில் குறிக்கிறேன். பிடிமானம் வேண்டுமென்றால் கைப்பிடி நாற்காலி கொடுங்கள். நோட்டில் ‘கைப்பிடி’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மார்பக ஆபரேஷன் ஆனவர்களுக்குச் சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பல்லி மாதிரி மேலே நடக்கவிட வேண்டும். இழுக்கிற இடத்தில் நின்று மூச்சுவிட்டு இறங்க வேண்டும். வலிக்கும்வரை போகக் கூடாது. எட்டிய உயரத்தை நான் பென்சிலால் சுவரில் குறித்தேன். புதுப் பெயின்ட். மேனேஜர் தம்பி இரண்டு நாள் பேசவில்லை. இப்போது காக்கித் தாள் ஒட்டித் தேதி போடுகிறோம். என் கோடு ஆறு வாரத்தில் ஒரு சாண் ஏறியது.

எடை தூக்க அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். முதலில் கால்வாசி நிரப்புங்கள். மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு அந்தப் பக்கக் கை வீங்கக்கூடும். அதனால் தொடங்குமுன் தையற்காரர் டேப்பால் இரண்டு கையையும் அளந்து எழுதுங்கள். முன்னைவிட இரண்டு சென்டிமீட்டர் கூடினாலோ, கை கனத்தாலோ, வளையல் இறுகினாலோ பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

“அந்தக் கையால் குடம் தூக்காதே” என்று வீட்டில் சொல்லத்தான் செய்வார்கள். வெளிநாட்டிலும் அப்படித்தான் சொல்லிவந்தார்கள். கனடாவின் வான்கூவரில் டான் மெக்கென்ஸி என்ற விளையாட்டு மருத்துவர் 1996-ல் மார்பகப் புற்றுநோய் கண்ட 24 பெண்களைப் படகில் ஏற்றித் துடுப்புப் போட வைத்தார். ஒருவருக்கும் புதிதாகக் கை வீங்கவில்லை. படிப்படியாகக் கூட்டினார் என்பதுதான் விஷயம். வாரம் மூன்று நாள் அரை மணி நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி, இதுவே களைப்பைக் குறைக்கிறது என்று 2019-ல் பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. ஓய்வெடுத்தால் போகிற களைப்பு இல்லை இது, பட்டவர்களுக்குத் தெரியும்.

‘நடந்து என்ன ஆகப் போகிறது’ என்கிற கணவர்களுக்கு 2025-ல் வந்த பெருங்குடல் புற்றுநோய் ஆய்வைச் சொல்வேன். ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். ஒரு பாதிக்கு மூன்று வருஷம் ஆள் வைத்துப் பயிற்சி, மறு பாதிக்கு அறிவுரைப் புத்தகம். எட்டு வருஷம் கழித்து பயிற்சிப் பக்கம் நூற்றுக்குத் 90 பேர் உயிரோடு இருந்தார்கள், புத்தகப் பக்கம் 83. அந்தப் புற்றுநோய்க்கு வந்த கணக்கு அது; எல்லாவற்றுக்கும் நீட்டிச் சொல்லாதீர்கள். மருந்துக்குப் பதில் என்றும் சொல்லாதீர்கள்.

இனி காலண்டர். ஆடியிலும் மார்கழியிலும் மண்டபம் நமக்கே. ஆவணி, தை வந்தால் வாரத்தில் ஒரு நாள் கிடைப்பதே பாடு. அந்த நாள்களில் அவரவர் வீட்டில் நாற்காலிப் பயிற்சி. காலை ஏழரைக்குள் எண்ணிக்கை வாட்ஸ்அப்பில் வர வேண்டும். வராதவருக்குப் போன் போடுவேன். பெரியவர் ஒருவருக்குத் தட்டச்சு வராது. எண்ணுவதைக் குரல் பதிவாகவே அனுப்புகிறார். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் குக்கர் விசில் கேட்டது. அதையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார் என்று அவர் மனைவி பின்னாலிருந்து சத்தம் போட்டார். நோட்டில் பன்னிரண்டு என்றே எழுதினேன்.