ஆசிரியரை மாணவர் அவமதிக்கும்போது பெரியவர்கள் செய்ய வேண்டியவை

"மரியாதையில்லாமல் நடந்துகொண்டான்" என்ற ஒற்றை வரி முறைப்பாட்டை வைத்துக்கொண்டு அதிபரோ பெற்றோரோ எந்த முடிவுக்கும் வரக்கூடாது. கேட்டவருக்கு எவ்வளவு வலித்தது என்பதை அந்த வரி சொல்கிறதே தவிர, என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆகவே மாணவரின் வாயிலிருந்து வந்த சொல் எது, அதற்கு முன்னர் ஆசிரியர் சொன்னது எது, எத்தனையாவது பாடவேளை, யார் யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பவற்றை இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்களுடைய சொற்களிலேயே அன்றே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். "ஏன் சேர், என்னை மட்டும் எழுப்புறீங்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்பது அவமதிப்பு அன்று, அது அந்தப் பிள்ளையின் முறைப்பாடு. அதையே கதிரையில் சாய்ந்தபடி, வகுப்பைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கேட்டால் கதை வேறு. இந்த வேறுபாட்டைப் பிரித்தறியாமல் இரண்டுக்கும் ஒரே தண்டனை கொடுக்கும் பாடசாலையில், நியாயமாகக் கேள்வி கேட்கும் பிள்ளைகள்தான் முதலில் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

திருகோணமலை நகரத்துப் பாடசாலை ஒன்றில் நான் பகுதித் தலைவராக இருந்த காலத்தில், மட்டக்களப்பிலிருந்து நியமனம் பெற்று வந்த கணித ரீச்சர் ஒருவர் பேச்சுவாக்கில், "பிறகு" என்பதற்கு அவரூரில் வழங்கும் "மறுகா" என்ற சொல்லைச் சொல்லும்போதெல்லாம், தரம் 9 வகுப்பின் பின்வரிசையிலிருந்து ஒரு "மறுகா" எதிரொலித்தது. முதல் கிழமை ரீச்சரும் சேர்ந்து சிரித்தார். இரண்டாம் கிழமை அது ஐந்தாறு குரல்களாயிற்று. மூன்றாம் கிழமை அவர் பாதிக் கணக்கில் வெண்கட்டியை வைத்துவிட்டு ஆசிரியர் ஓய்வறைக்கு வந்து, மணி அடிக்கும்வரை வாசலுக்கு முதுகு காட்டியபடி உட்கார்ந்திருந்தார். ஆத்திரத்தில் நாங்கள் வகுப்பு முழுவதையும் மைதானத்து வெயிலில் நிறுத்தினோம். அதைவிடப் பெரிய பிழையை நாங்கள் செய்திருக்க முடியாது. ஏனெனில், அதுவரை அந்தக் குரல்களை விரும்பாமல் இருந்த பிள்ளைகளும் அன்று பகல் முதல் பின்வரிசையோடு ஒரே கட்சியாகிவிட்டார்கள்.

சம்பவம் நடக்கும் அந்த நிமிடத்தில் ஆசிரியர் செய்ய வேண்டியது மிகக் குறைவு. குரலை உயர்த்தாமல், "பாடம் முடிந்ததும் என்னிடம் வா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர வேண்டும். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் பதினான்கு வயதுப் பிள்ளை பின்வாங்க மாட்டான். அந்த இடத்தில் வாதம் செய்வது அவனுக்கு மேடை போட்டுக் கொடுப்பதாகவே முடியும். மிரட்டலோ கைகலப்போ ஆகிவிட்டால் மட்டும் பாடத்தை நிறுத்திவிட்டு உடனே பிரதி அதிபரை அழைக்க வேண்டும்.

அடிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "நல்லாய் அடியுங்கோ சேர், கண்ணை மட்டும் விட்டிடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போகும் தகப்பன்மார் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்த அனுமதியை நம்பி ஆசிரியர் கை ஓங்க முடியாது. பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையை இலங்கைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடை செய்தது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் அதையே வலியுறுத்துகிறது. ஆசிரியர் ஒருவர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், சித்திரவதையையும் கொடூரமான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதாக 2021 பெப்ரவரியில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம், ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அடி வாங்கிய பிள்ளை தான் சொன்ன சொல்லை மறந்துவிட்டு, வாங்கிய அடியை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பான்.

வீட்டாரை அழைக்கும்போது, பிள்ளையை உண்மையில் வளர்ப்பவர் யார் என்று விசாரித்து அவரை அழைக்க வேண்டும். தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, தகப்பன் கடலுக்குப் போக, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் பலர் உண்டு. வந்தவரை விறாந்தையில் நிறுத்தி வைக்காமல் கதிரை கொடுத்து உட்கார வைத்து, எழுதி வைத்ததை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டும். அதுவரை அமைதியாக இருந்த பிள்ளை திடீரென்று மாறியிருந்தால், வீட்டில் என்ன மாற்றம் நடந்தது என்று மெதுவாகக் கேட்க வேண்டும். அங்கே வன்முறை இருப்பதாகத் தெரிந்தால் விடயம் ஒழுக்காற்றுக் குழுவோடு நிற்காது, 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் போக வேண்டும்.

பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள்கள் உண்டு. பிள்ளை சொன்னதை முழுவதும் கேளுங்கள். ஆனால் அதை மட்டும் கேட்டுவிட்டு வகுப்புப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஆசிரியரைப் பற்றி எழுதாதீர்கள். இரவுச் சாப்பாட்டின்போது "அந்த ரீச்சருக்கு என்ன தெரியும், ரியூசன் சேர்தானே படிப்பிக்கிறார்" என்று பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையிடம் நாங்கள் எந்த மரியாதையை எதிர்பார்ப்பது?

காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்க வைப்பதை நான் முற்றாக எதிர்க்கிறேன். வெட்கப்படும் பிள்ளை அதில் நொறுங்கிப் போவான். வெட்கப்படாதவன் இடைவேளைக்குள் வீரனாகிவிடுவான். மன்னிப்பு, அவமதிக்கப்பட்டவரிடம் நேரில், பிள்ளையின் சொந்தச் சொற்களில் சொல்லப்பட வேண்டும். அதற்கு ஓரிரு நாள் எடுத்தாலும் பரவாயில்லை. அது முடிந்த பின்னர் அந்தச் சம்பவத்தை அடுத்த தவணை வரை இழுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சிறு பிழைக்கும் நினைவூட்டக்கூடாது.

அந்த "மறுகா"ப் பையனைப் பிறகு தனியாக அழைத்துக் கேட்டபோது, தவணைப் பரீட்சையில் தான் எடுத்த 11 புள்ளிகளை ரீச்சர் வகுப்புக்குக் கேட்க வாசித்த நாளில்தான் தொடங்கியதாகச் சொன்னான். அது அவன் செய்ததைச் சரியாக்கிவிடவில்லை. ஆனாலும் அதை ரீச்சரிடம் தனியாகச் சொல்ல வேண்டியது என் கடமையாக இருந்தது. சற்று நேரம் பேசாமல் இருந்த அவர், இனிப் புள்ளிகளை வாசிப்பதில்லை என்றார். அவன் மன்னிப்புக் கேட்பதற்கு இதை நாங்கள் விலையாக வைக்கவில்லை. அவனுக்கு அதைச் சொல்லவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து அவன் ஓய்வறை வாசலில் வந்து நின்றான். "ரீச்சர், நான்தான் முதல் தொடங்கினது. இனிச் சொல்ல மாட்டன்" என்றான்.

"சரி. மறுகா கணக்குக் கொப்பியக் கொண்டு வாங்க மகன்" என்றார் ரீச்சர்.

அவன் சிரிக்காமல் போய்க் கொப்பியை எடுத்து வந்தான்.