உப்பு வயலில் பயிர் வெளுத்தால் யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள்

வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை (வாய்க்கால் கடைசியிலுள்ள) வயல்களில் நட்ட சில வாரத்திலேயே நெற்பயிர் வெளுத்துவிடும். பார்த்ததும் கை யூரியாவுக்குப் போகிறது. முதல் தவறு அதுதான்.

கிட்டப் போய் இலையைப் பாருங்கள். வெறும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை என்றால் அடியிலுள்ள பழைய இலைகள் சீராக மஞ்சளாகும். உப்பு என்றால் இலை நுனி வெளுத்துக் கருகும். ஒரு திட்டில் பயிர் குட்டையாக நிற்க, பக்கத்துத் திட்டு பச்சையாக இருக்கும். வரப்போரம் உப்புப் பூத்திருக்கும்.

இரண்டும் சேர்ந்தே வருவதுதான் சிக்கல். உப்பு ஏறிய மண்ணில் வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. தண்ணீரோடு வரவேண்டிய, தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டும் குறைந்துபோகும். போதாததற்கு, வேரின் வாசலில் நைட்ரேட்டுக்குப் போட்டியாகக் குளோரைடும், தழைச்சத்தின் இன்னொரு வடிவமான அம்மோனியத்துக்குப் போட்டியாகச் சோடியமும் நிற்கின்றன. உள்ளே போன நைட்ரேட்டைப் பயிர் பயன்படுத்த உதவும் நொதியும் மந்தமாகிவிடுகிறது. சத்து மண்ணில் இருக்கும், பயிருக்கு எட்டாது.

அப்படியானால் உவர் நிலத்துக்கு, அதாவது உப்பு ஏறிய நிலத்துக்கு, 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்து என்ற பரிந்துரை? சரிதான். ஆனால் அது வடிகால் வெட்டி, நல்ல தண்ணீர் கட்டி வடித்து, தொழு உரமோ தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரமோ சேர்த்த வயலுக்கு. அதுவும் பிரித்துப் பிரித்துத்தான். பலர் முன்பாதியை விட்டுவிட்டு 25-ஐ மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள்.

அம்மோனியம் குளோரைடு விலை குறைவாகக் கிடைத்தாலும் உப்பு வயலுக்கு வேண்டாம். ஏற்கெனவே இருக்கும் குளோரைடோடு இன்னும் சேர்ப்பானேன்?

சோடியம் மிகுந்து பி.எச் (கார அளவு) 8.5-க்கு மேல் போன களர் நிலத்தில் தேங்கிய நீர்மேல் யூரியாவை வீசினால் கணிசமான பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். தண்ணீரை வடித்து, சேற்றுப் பதத்தில் போட்டு, மறுபடி நீர் கட்டுங்கள். வெடிக்கும் அளவுக்குக் காயவிட்டால் அடியுப்பு மேலே ஏறிவிடும்.

உவரையும் களரையும் ஒன்றாக நினைத்து ஜிப்சம் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. ஜிப்சம் களருக்கு. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசைமனைத் தாண்டிய உவருக்கு வேண்டியது நல்ல நீரும் வடிகாலும்.

மண் மாதிரியை மழை பெய்த மறுவாரம் எடுக்காதீர்கள். உப்பு கீழே இறங்கியிருக்கும், அறிக்கை வயலைச் சுத்தமாகக் காட்டும். கோடையில் எடுங்கள், உப்புப் பூத்த திட்டிலிருந்து தனியாக ஒன்று.