சின்ன பவர் ஸ்டேஷன்: மின்தடைப் பகலுக்கும் கோயில் ராத்திரிக்கும்

மதுரையில் இப்போது கரண்ட் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகிறது. துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை 9 மணி முதல் மதியம் 2 வரை அல்லது மாலை 5 வரை இன்னின்ன பகுதிகளில் மின்தடை என்று முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும். 2012-ல் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் விசிறிமட்டையோடு கிடந்த பயம் இன்னும் போகாததால், இன்றைக்கும் பேட்டரி வாங்கப் போகிறவர்கள் ஒரு வீட்டையே தூக்கி நிறுத்துகிற மாதிரி ஏதாவது கேட்கிறார்கள். அந்த அளவுக்குத் தேவையில்லை. ஐந்து மணி நேரம் ஒரு ஃபேன், ஒரு லைட், நெட், போன், லேப்டாப் ஓடினால் போதும் என்கிறவர்களுக்குத்தான் பவர் ஸ்டேஷன். பேட்டரி, இன்வெர்ட்டர், சார்ஜர் மூன்றும் ஒரே பெட்டியில், கைப்பிடியோடு, ஆறேழு கிலோ எடையில் இருக்கும்.

சொந்த வீடு, இன்வெர்ட்டருக்குத் தனி வயரிங் ஏற்கெனவே இருக்கிறது, நான்கு சீலிங் ஃபேனும் சுற்ற வேண்டும் என்றால் இதன் பக்கமே வராதீர்கள். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியும் சாதாரண இன்வெர்ட்டரும் போடுங்கள், செலவும் குறைவு, தாக்குப்பிடிப்பதும் அதிகம், அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது ஒன்றுதான் வேலை. பவர் ஸ்டேஷன் வாடகை வீட்டுக்காரர்களுக்கு, மாடி போர்ஷனில் இருந்துகொண்டு "வயரிங்ல கை வைக்கவா" என்று ஹவுஸ் ஓனரிடம் கேட்க முடியாதவர்களுக்கு, அப்புறம் அடிக்கடி தோட்டத்துக்கோ மலைக்கோ குலதெய்வம் கோயிலுக்கோ கிளம்புகிறவர்களுக்கு.

வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் எண் வாட்-அவர். இபி பில்லில் வரும் ஒரு யூனிட் என்பது 1000 வாட்-அவர். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற 512 வாட்-அவர் பெட்டி என்றால் அரை யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிற ஊரில் இவ்வளவு பணம் கொடுத்து நாம் தூக்கி வருவது அரை யூனிட் கரண்ட், அதை மனதில் வைத்துக்கொண்டால் கடைக்காரர் சொல்வதில் பாதி தானாகவே வடிகட்டிப் போகும். அந்த அரை யூனிட்டும் முழுதாகக் கைக்கு வராது, பேட்டரியின் டிசியை 230 வோல்ட் ஏசியாக மாற்றும்போது கொஞ்சம் சூடாகவே போய்விடும், ஆகவே 430 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். சில விளம்பரங்களில் வாட்-அவரே இருக்காது, 1,50,000 எம்ஏஎச் என்று கண்ணைப் பறிக்கிற மாதிரி போட்டிருப்பார்கள். அது பெரும்பாலும் 3.7 வோல்ட்டில் சொல்வது, 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுத்தால் 555 வாட்-அவர், அவ்வளவுதான்.

இப்போது 9 முதல் 2 வரையிலான தடைக்குக் கணக்கு. 50 வாட் டேபிள் ஃபேன் ஐந்து மணி நேரத்துக்கு 250. வைஃபை ரவுட்டர் 10 வாட், அது ஒரு 50. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் லேப்டாப் மூன்று மணி நேரம் சார்ஜ் ஏறினால் 150. மொத்தம் 450, நம்மிடம் இருப்பது 430, ஒன்றரை மணிக்கு மேல் பெட்டி கையை விரித்துவிடும். டேபிள் ஃபேனை மாற்றி 30 வாட் பிஎல்டிசி ஸ்டாண்ட் ஃபேன் வைத்தால் அதே கணக்கு 350-க்கு இறங்கி, இரண்டு போனுக்கும் ஒரு லைட்டுக்கும் மிச்சம் இருக்கும். பெரிய பெட்டி வாங்குவதைவிட ஃபேனை மாற்றுவது லாபம், இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று, சீலிங் ஃபேனை இதில் சொருக முடியாது, அது சுவருக்குள் வயரிங்கில் போகிறது. பிளக் உள்ள ஃபேன் வீட்டில் இல்லையென்றால் அதற்கும் சேர்த்துக் காசு எடுத்து வையுங்கள்.

இரண்டாவது எண் வாட், ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்கிற வரம்பு. பெட்டியைப் பார்த்ததும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "மாப்ள, இதுல அயர்ன் பாக்ஸ் ஓடுமா?" ஓடாது. 500 வாட் வரம்புள்ள பெட்டியில் 750, 1000 வாட் அயர்ன் பாக்ஸோ, 1500 வாட்டுக்குக் குறையாத கெட்டிலோ, இண்டக்‌ஷன் அடுப்போ போட்டால் பீப் என்று கத்திவிட்டு அணைந்துவிடும். அணைந்தால் பயப்பட வேண்டாம், சொருகியதைப் பிடுங்கிவிட்டு ஏசி பட்டனை மறுபடி அழுத்தினால் வந்துவிடும். சூடாக்குகிற எதையும் இதில் ஓட்டாதீர்கள், ஓட்டுகிற அளவு பெரிய பெட்டி இருந்தாலும் அரை மணியில் காலி.

மோட்டார் உள்ளவை வேறு மாதிரி ஏமாற்றும். ஓடும்போது 100 வாட்தான் என்றாலும் ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் கிளம்புகிற நொடியில் அதைப்போலப் பல மடங்கு கேட்கும். பழைய மாடல் ஃப்ரிட்ஜ் என்றால் சின்னப் பெட்டி அந்த நொடியிலேயே படுத்துவிடலாம், இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ளது மெதுவாகக் கிளம்புவதால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஆனால் ஐந்து மணி நேரத் தடைக்கு ஃப்ரிட்ஜை ஓட்டத்தான் வேண்டுமா? கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும், அடுத்த ஒரு மணி நேரத்தில் மாவு புளித்துவிடாது, பாலும் திரிந்துவிடாது. மாலை 5 வரை தடை என்றால் நடுவில், மதியம் ஒரு மணி வாக்கில், மற்றதை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜை மட்டும் ஓட்டுங்கள். தண்ணீர் மோட்டாரை நினைக்கவே வேண்டாம், தடை அன்று காலை எட்டரைக்குள் தொட்டியை நிரப்பிவிடுவதுதான் வழி. ஆஸ்துமாக்காரர் உள்ள வீட்டில் நெபுலைசருக்கு இது நன்றாக உதவும், 120 வாட் மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டினால் 20 வாட்-அவர்தான் போகிறது.

ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் செய்யக் கூடாது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரைச் செய்து, ஒரு முனையைப் பவர் ஸ்டேஷனிலும் இன்னொன்றைச் சுவர் பாயிண்டிலும் சொருகி வீடு முழுக்க கரண்ட் கொடுக்கலாம் என்று விவரம் தெரிந்தவர் போல யாராவது சொல்வார். மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் வெளியே லைனுக்குப் போகும், தெருக்கோடிக் கம்பத்தில் வேலை பார்க்கிற லைன்மேன் தடை என்று நம்பித்தான் ஏறியிருப்பார். சரி, மெயினை அணைத்துவிட்டோம் என்றாலும் கையில் உள்ள பிளக்கின் பின்கள் உயிரோடு இருக்கின்றன. பெட்டியிலிருந்து ஒரு நல்ல ஜங்ஷன் பாக்ஸ் இழுத்து, தேவையானதை அதில் சொருகிக்கொள்ளுங்கள், அவ்வளவே. டெஸ்டரை வைத்துப் பார்த்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரிவதைப் பார்த்து சிலர் பெட்டி பழுது என்று கடைக்குத் திரும்பத் தூக்கிப் போகிறார்கள். நியூட்ரல் பூமியோடு இணையாமல் இருப்பதால் அப்படித் தெரிகிறது, பழுது இல்லை. ஆனால் வீட்டு மெயின் போர்டில் இருக்கிற ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கிற சுவிட்ச், இந்தப் பெட்டிக்குக் காவல் நிற்காது, ஈரக்கையோடு தொடாதீர்கள்.

ராத்திரி முழுக்க ரவுட்டர் மட்டும் ஓட வேண்டும் என்றால் ஏசி பட்டனைப் போடாமல் 12 வோல்ட் டிசி வழியாகக் கொடுங்கள், பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, அடாப்டரின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்துவிட்டு அதற்கான வயரை வாங்கினால் போதும். ஏசி பட்டன் எரிந்துகொண்டிருந்தால் எதையும் சொருகாவிட்டாலும் பத்து வாட் பக்கம் தானாகத் தின்னும், எட்டு மணி நேரத்துக்கு 80 வாட்-அவர் சும்மா போகிறது. சில பெட்டிகளில் எக்கோ மோட் என்று ஒன்று உண்டு, குறைவாக இழுக்கிற ரவுட்டரைப் பார்த்து ஒன்றுமே ஓடவில்லை என்று முடிவு கட்டி அணைத்துவிடும். நெட் நடுவில் போனால் முதலில் அதைப் பாருங்கள்.

வெயில்தான் நம்ம ஊரில் இதற்கு முதல் எதிரி. பெரும்பாலான பெட்டிகள் 0 முதல் 45 டிகிரிக்குள்தான் சார்ஜ் ஏறும். பரணிலும் அடுப்படியிலும் மேற்குச் சுவர் ஓரத்திலும் வைக்காதீர்கள், ஹாலில் தரையில், பக்கவாட்டு ஓட்டைகள் அடைபடாமல் வையுங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் வேகச் சார்ஜ் போடாமல், பெட்டிக்கான போன் ஆப்பில் வேகத்தைக் குறைத்து ராத்திரியில் ஏற்றுங்கள். மாட்டுத்தாவணியில் பூட்டி நிறுத்திய கார் டிக்கியில் விட்டுவிட்டு சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையே வேண்டாம்.

வெளியூர்ப் பயணம் என்றால் விளம்பரப் படத்தில் காட்டுகிற கூடாரமும் காபி மெஷினும் நமக்குச் சரிப்படாது. நம்ம ஆட்கள் வெளியே ராத்திரி தங்குவது மாசி சிவராத்திரிக்கு, உசிலம்பட்டிப் பக்கமோ திருமங்கலம் பக்கமோ காட்டுக்குள் இருக்கிற குலதெய்வம் கோயிலில். அங்கே பொங்கலும் கறிச்சோறும் விறகடுப்பில் ஆகிவிடும், ஆகவே வேண்டியது வெளிச்சமும் போனும். 9 வாட் பல்பு நான்கு, ராத்திரி பத்து மணி நேரத்துக்கு 360. சமைக்கிற இடத்துக்கு ஒன்று, பிள்ளைகள் படுக்கிற இடத்துக்கு ஒன்று என்று இரண்டை மட்டும் விடிய விட்டு, மற்ற இரண்டைச் சாப்பாடு முடிந்ததும் அணைத்தால் 250-க்குள் அடங்கும், ஒரு போனுக்கு 15 என்று வைத்தால் பத்து போனுக்கு மிச்சம் இருக்கும். கெட்டி அறிவுரை: பெட்டியை யாராவது பொறுப்பான ஒருவரின் கண் முன்னால் வையுங்கள். இல்லையென்றால் பந்தலில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது பங்காளி ஒருவர் பிள்ளைக்குப் பால் சுட வைக்கக் கெட்டிலைச் சொருகுவார், மொத்த இடமும் இருட்டாகும், "யார்றா அது" என்று கேட்டால் ஒருத்தரும் பேச மாட்டார்கள். தரையில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள், தரை ஈரம் ஓட்டை வழியாக எளிதில் உள்ளே போகாது. மழை தாங்குகிற பெட்டி இது கிடையாது.

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் காரின் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து ஏற்றிக்கொண்டே போகலாம், அது 100 வாட் பக்கம்தான் தரும் என்பதால் மூன்று மணி நேரப் பயணத்தில் அரைப் பெட்டி ஏறினாலே பெரிது. வண்டியை நிறுத்தியதும் வயரைப் பிடுங்கிவிடுங்கள், கார் பேட்டரி படுத்தால் மலையில் தள்ளுவதற்கு ஆள் கிடைக்காது. மேலே மார்கழி, தை ராத்திரிகளில் பெட்டியை ரூமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுப்போகும். காட்டுக்குள் தங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம், குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்று தேனிப் பக்கம் யாரும் மறக்கவில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் எங்கேயும் கூடாரம் போடாதீர்கள். சிறுமலை மாதிரி இடங்களில் தனியார் தோட்டத் தங்குமிடங்கள் இருக்கின்றன, அதுவே போதும்.

சோலார் பேனல் வாங்கினால் 100 வாட் பேனல் 100 தரும் என்று எண்ண வேண்டாம். உச்சி வெயிலில் பேனல் கொதிப்பது, தூசி, வயரில் போவது எல்லாம் சேர்ந்து 60, 70 வந்தால் நல்லது, காலியான 512 பெட்டி நிரம்ப ஒன்றரை நாள் ஆகலாம். மதுரையில் சித்திரை பிறக்கும் சமயம் நடுப்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வரும், அப்போது பேனலை மொட்டை மாடியில் படுக்கப் போட்டாலே சரி. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், பேனலையும் தெற்குப் பார்த்து முப்பது டிகிரி நிமிர்த்தி வையுங்கள். தோப்பில் வைக்கும்போது ஒரு தென்னங்கீற்று நிழல் குறுக்கே விழுந்தால்கூட வரவு பாதிக்குமேல் சரியும், ஆப்பில் வாட்டைப் பார்த்துக்கொண்டே இடம் மாற்றுங்கள். பேனல் வெயிலில், பெட்டி நிழலில். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் வோல்ட் கூடிவிடும், பேனலின் பின்னால் எழுதியிருக்கிற ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜின் கூட்டுத்தொகை பெட்டி தாங்குகிற வரம்பைத் தாண்டினால் உள்ளே சார்ஜர் போய்விடும்.

வாங்குகிறபோது எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயன் பாஸ்பேட் பேட்டரி உள்ளதையே கேளுங்கள், கனம் கொஞ்சம் கூட, ஆனால் ஆயுள் மூவாயிரம் சார்ஜ் சுற்றுக்கு மேல், சூட்டையும் மற்றதைவிட நிதானமாகத் தாங்கும். பிஐஎஸ் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள், அவுட்புட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்க மாடல் 120 வோல்ட், நம்ம ஃபேன் அதில் சோம்பித்தான் சுற்றும். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் வருகிற சொந்தக்காரர்களிடம் வாங்கி வரச் சொல்லாதீர்கள், பயணிகள் விமானத்தில் அதிகபட்சம் 160 வாட்-அவர்தான், அதுவும் 100-ஐத் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு. பாவம், ஏர்போர்ட்டில் போட்டுவிட்டு வர நேரும்.

ரொம்ப நாள் தொடாமல் வைப்பதாக இருந்தால் பாதிக்குக் கொஞ்சம் மேல், 60 சதவீதத்தில் அணைத்து வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எப்போதாவது ஒருதடவை முழுசாக ஏற்றுங்கள், இல்லையென்றால் எல்எஃப்பி பேட்டரியில் திரையில் காட்டுகிற சதவீதம் தப்பாகப் போகும், 30 என்று காட்டிக்கொண்டே திடீரென்று அணையும். பெட்டி உப்பினாலோ கெட்ட வாடை அடித்தாலோ சார்ஜ் போடாமல் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வாங்கிய இடத்துக்குச் சொல்லுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழசைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது தயாரித்தவர் பொறுப்பு, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அங்கே சுத்தியலால்தான் பிரிப்பார்கள்.