தூக்கத்திலிருந்து எழாத லேப்டாப்

மூடியைத் திறந்தால் விசிறி ஓடும், திரை மட்டும் கருப்பாகவே இருக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வழியில்லை. சேமிக்காத வேலை இரண்டு முறை போய்விட்டது, மனசே உடைந்தது.

கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ஒவ்வொரு முறையும் ‘கெர்னல்-பவர் 41’ என்று இருந்தது. அதுதான் காரணம் என்று நினைத்து ஒரு வாரம் பவர் செட்டிங்குகளோடு மல்லுக்கட்டினேன். உண்மையில், கணினி முறையாக அணையாமல் மீண்டும் தொடங்கியது என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதற்குச் சற்று முந்தைய பதிவுகளைத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன்: டிஸ்ப்ளே டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்) எச்சரிக்கை. சில நாள் முன்புதான் அந்த டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது.

டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் ப்ராபர்ட்டீஸ், அப்புறம் முந்தைய பதிப்புக்குத் திரும்ப ‘ரோல் பேக் டிரைவர்’ பட்டன். பழைய பதிப்பு கணினியில் இருந்தால்தான் அந்தப் பட்டன் வேலை செய்யும், நல்லவேளை, இருந்தது. இப்போது மூடியைத் திறந்ததும் திரை வந்துவிடுகிறது.