உயரமான, கனமான ஆளா? ஸ்கூட்டர் வாங்குமுன் ஹேண்டிலை முழுக்க ஒடித்துப் பாருங்கள்

ஆறடிக்கு மேல் உயரம், 100 கிலோ பக்கம் எடை என்றால், ஷோரூமிலேயே ஒருவரைப் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு காலையும் ஃபுட்போர்டில் வைத்து ஹேண்டிலை இரு பக்கமும் முட்டும்வரை திருப்புங்கள். முழங்காலில் ஹேண்டிலோ பிரேக் லீவரோ இடித்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள், தள்ளுபடி எவ்வளவு தந்தாலும் சரி.

நேர் ரோட்டில் ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது; காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் நெரிசலில் மெதுவாக வளைக்கும்போதுதான் கால் குறுக்கே நிற்கும், அந்த வேகத்தில்தான் வண்டி சாயவும் செய்யும். பின்னால் ஆள் ஏறினால் நாம் இன்னும் நாலு விரல் முன்னே நகர்ந்துவிடுவோம், அதனால் வீட்டுக்காரரையோ பிள்ளையையோ உட்கார வைத்தே பாருங்கள்.

அப்புறம் சக்கரம். ஜூபிடர் 110-ல் இரண்டும் 12 அங்குலம், ஆக்டிவாவில் பின்சக்கரம் 10 அங்குலம். பெரிய சக்கரம் பள்ளத்தில் குறைவாகவே விழும், கனமான ஆளுக்கு அந்த வித்தியாசம் இடுப்பில் தெரியும். மேனுவலில் உள்ள அதிகபட்சச் சுமையையும் இருவர் எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், டயர் காற்றும் இருவருக்கான அளவில் இருக்கட்டும்.

யமஹா ஏராக்ஸ் 155 போல ஃபுட்போர்டின் நடுவில் மேடு உள்ள வண்டிக்கு இந்தச் சோதனை மட்டும் போதாது. அதில் காலை அகட்டித்தான் வைக்க வேண்டும், சந்தையில் வாங்கும் அரிசி மூட்டையை முன்னால் வைக்கவும் இடமில்லை.