கூத்துக் கொப்பியை யுனிகோடுக்கு மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலைச் சஞ்சிகை, கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கொப்பியைப் பார்த்துத் தட்டச்சு செய்த வடமோடி, தென்மோடிக் கூத்துப் பிரதிகள் என்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் கிடக்கும் கோப்புகள் ஏராளம். அவற்றை, இன்று பொதுவான குறியேற்றமாகிய யுனிகோடுக்குக் கொண்டுவர இளையோர் முன்வருவது பெரிய காரியம். எழுத்தைத் தேடும் கிரெப், தேடி மாற்றும் செட், நிரல் மொழியான பைதன், கோப்பு வடிவத்தை மாற்றும் பான்டொக் ஆகிய திறந்த மூலக் கருவிகள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் கருவியை எடுப்பதற்கு முன் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால், மாற்றி முடித்த பிரதி கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், தேடினால் அகப்படாது.

பாமினிக் கோப்புக்குள் இருப்பவை பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. திரையில் ‘அம்மா’ என்று தெரிவது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். ஆகவே குறியேற்றம் மாற்றும் ‘ஐகன்வ்’ கட்டளையிடம் இதைக் கொடுப்பதில் பயனில்லை. குனு லினக்ஸில் அதற்குத் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றம் தெரியும், பாமினி தெரியாது.

எல்லாவற்றிலும் கூடிய நட்டம் தரும் தவறு, வேர்ட் கோப்பை முதல் வேலையாக வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமிப்பது. எந்தத் துண்டு பாமினி, எந்தத் துண்டு உண்மையான ஆங்கிலம் என்ற ஒரே அடையாளம் எழுத்துருவின் பெயர்தான். அது போய்விட்டால் அச்சகத்தின் ஆங்கில முகவரியும் மின்னஞ்சலும் கூடவே தமிழாக உருமாறி வாசிக்க முடியாத குப்பையாகும். பான்டொக்கும் எழுத்துருப் பெயரைக் கைவிட்டுவிடும். டொக்எக்ஸ் கோப்பு என்பது சிப் முறையில் சுருக்கிய பொதிக்குள் இருக்கும் எக்ஸ்எம்எல், அதாவது ஒவ்வொரு பகுதிக்கும் அடையாள ஒட்டு வைத்து எழுதும் வடிவம். அதை விரித்து, ஒவ்வொரு துண்டிலும் எழுத்துருப் பெயரைப் பார்த்து, பாமினித் துண்டுகளை மட்டும் மாற்றுங்கள். பைதனில் ‘எல்எக்ஸ்எம்எல்’ பொதி இதற்குப் போதும். பழைய டொக் கோப்பென்றால் லிப்ரே ஒஃபிஸில் திறந்து முதலில் டொக்எக்ஸாகச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாற்றும் ஒழுங்கு. பாமினியில் கால் எனப்படும் ‘ா’வுக்கு எச். அதே எச்சின் பின் அரைப்புள்ளி வந்தால் ‘ர்’, பீ வந்தால் ‘ரி’. செட்டில் எச்சை முதலில் காலாக மாற்றிவிட்டு மற்றவற்றுக்குப் போனால் ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிறது, ‘ஆசிரியர்’ என்பது ‘ஆசிாியா்’ ஆகிறது. ஊன்றிப் பாராவிட்டால் சரியாகவே தோன்றும். நம் செய்தித் தளங்களிலும் இந்த எழுத்துகளைக் காணலாம். அங்கே ‘ஆசிரியர்’ என்று தேடுபவருக்கு அந்தப் பக்கம் அகப்படாது. நீளமான எழுத்துக் கோவையை முதலிலும் தனி எழுத்தைக் கடைசியிலும் மாற்றுவதே ஒழுங்கு. ஏற்கனவே பிழையாகிப்போன கோப்பையும் காப்பாற்றலாம்: காலுக்குப் பின் புள்ளியோ ‘ி’யோ ‘ீ’யோ தமிழில் ஒருபோதும் வராது. கிரெப்பால் அவற்றைத் தேடி, அந்தக் காலை ‘ர’வாக மாற்றினால் சரி.

கொம்பும் இப்படித்தான். பாமினியில் ‘ெ’ மெய்க்கு முன்னால் பதிவாகும். யுனிகோடில் மெய்க்குப் பின்னால் வரவேண்டும். எழுத்துக்கு எழுத்து மாற்றிவிட்டு நிறுத்தினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும்.

இனி, யுனிகோடிலேயே உள்ள சிக்கல். ‘கொக்கட்டிச்சோலை’ என்ற பெயரைப் பாருங்கள். நாம் எண்ணினால் 8 எழுத்து. யுனிகோடில் 15 குறிகள், அதைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் 45 பைட்டுகள். ‘ொ’வையும் ‘ோ’வையும் இரண்டிரண்டு குறிகளாகப் பிரித்து எழுதியிருந்தால் 17 குறிகள், 51 பைட்டுகள். திரையில் இரண்டும் ஒன்றே. கிரெப்புக்கு இரண்டும் வேறு. தேடுவதற்கு முன் எல்லாக் கோப்புகளையும் பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள், பைதனின் ‘யுனிகோட்டேட்டா’ அதைச் செய்யும். ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் அடித்திருப்பதை மட்டும் அது திருத்தாது, அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தவேண்டும்.

சொல் எண்ணுபவர்கள் பைதனின் வழமையான ‘ஆர்இ’ பொதியில் இன்னொரு குழிக்குள் விழுவார்கள். சொல்லெழுத்தைக் குறிக்கும் அதன் குறி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்பதில்லை. ‘கிழக்கு’ என்ற சொல் ‘க’, ‘ழக’, ‘க’ என்று மூன்றாக உடையும். தனியே நிறுவும் ‘ரீஜெக்ஸ்’ பொதி மெய்யையும் அதன் குறியையும் சேர்த்து ஒன்றாக எடுக்கும் வழியைத் தருகிறது.

கூத்துப் பிரதிக்கு <விருத்தம்>, <தரு>, <வசனம்> என்று தமிழிலேயே அடையாள ஒட்டு வைக்கலாம். எக்ஸ்எம்எல் அதை ஏற்கும். வைத்த பிறகு அதைச் செட்டால் வெட்டாதீர்கள். செட் வழமையாக வரி வரியாகப் பார்ப்பது. தரு எனப்படும் பாட்டு பல வரிகளுக்கு நீளும். ஒரே வரியில் இரண்டு தரு இருந்தால், இடையில் ‘எதுவும் வரலாம்’ என்று எழுதிய தேடல் கோலம் முதல் ஒட்டிலிருந்து கடைசி ஒட்டுவரை விழுங்கிவிடும். ‘எக்ஸ்எம்எல்ஸ்டார்லெட்’ போன்ற, கட்டமைப்பை அறிந்த கருவிதான் இதற்கு வேண்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பின்னும் ‘எக்ஸ்எம்எல்லின்ட்’ ஓட்டிப் பாருங்கள், மூடாத ஒட்டு இருந்தால் வரி எண்ணோடு சொல்லும்.

மூலக் கோப்பின் மேலேயே எழுதுவதும் வேண்டாம். ஒரு கோப்பை வாசித்து அதே பெயருக்கு வெளியீட்டைத் திருப்பினால், கட்டளை ஓடத் தொடங்கும் முன்பே அது வெறுமையாகிவிடும். கொப்பி கறையான் தின்றுபோய் இந்தக் கோப்பு மட்டுமே மிஞ்சியிருக்கும் ஊர்களும் இருக்கலாம். ஒவ்வொரு மாற்றத்தின் பழைய பதிப்பையும் காத்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் மூலத்தை இட்ட பிறகே கைவையுங்கள்.

அச்சுக்குப் போகும்போது இரண்டு விடயம். பிடிஎஃப் ஆக்குவதற்குப் பான்டொக் வழமையாக அழைக்கும் பிடிஎஃப்லாடெக் தமிழில் தடுக்கி நிற்கும். அதற்குப் பதிலாக யுனிகோட் அறிந்த ஸீலாடெக்கைக் குறிப்பிட்டு, நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற எழுத்துருவைக் கொடுங்கள். மற்றது, எளிய குறிகளோடு வெறும் எழுத்தாக எழுதும் மார்க்டவுனில் பாட்டை வரி வரியாக எழுதினாலும் பான்டொக் அதை ஒரே பந்தியாகச் சேர்த்துவிடும். ஒவ்வோர் அடியின் தொடக்கத்திலும் ஒரு நிலைக்கோடும் ஓர் இடைவெளியும் இட்டால் அடிகள் அப்படியே நிற்கும். தருவை அடி பிரித்துப் படித்தால்தான் ஆட்டத்துக்குரிய தாளம் பிடிபடும் என்பதால், பிடிஎஃப் வந்ததும் அண்ணாவியாரிடமோ பக்கப்பாட்டுக்காரரிடமோ கொடுத்து ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள்.