கணவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை, விவாகரத்து வாங்க முடியுமா?

முடியும். ஏழு வருடம் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் அக்கா அந்த ஏழு வருடக் கதையை நம்பி இரண்டரை வருடத்தைச் சும்மா கழித்தாள். பக்கத்து வீட்டில் சொன்னார்கள், பெரியப்பா சொன்னார், புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில்கூட ஒருவர் "ஏழு வருஷம் ஆகட்டும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றாராம். அது தவறு. அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி டைலர். 2019 ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஊருக்குப் போய் ஒருத்தரிடம் பணம் வாங்கிவருகிறேன் என்று கிளம்பினார், போனவர்தான். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்தபோதுதான் தெரிந்தது, நல்ல சட்டைகள் எல்லாம் இல்லை, ஆதார் அட்டை இல்லை, பைக் ஆர்.சி. புத்தகம் இல்லை. கல்யாணத்தில் போட்ட மோதிரம் மட்டும் கிண்ணத்தில் கிடந்தது. அக்கா அன்று அழுததோடு சரி, அந்த பீரோவுக்கு ஒரு நாள் கோர்ட்டில் வேலை வரும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 13 இருக்கிறது. அதில் நம் விஷயத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, மனு போடும் நாளுக்கு முன்னால் தொடர்ந்து இரண்டு வருடமாவது துணையைக் கைவிட்டுப் போயிருந்தால் விவாகரத்து கேட்கலாம். இன்னொன்று, ஏழு வருடமோ அதற்கு மேலோ ஆள் உயிரோடு இருப்பதாக, தெரிந்திருக்க வேண்டியவர்கள் யாருக்குமே தகவல் இல்லை என்றால் கேட்கலாம். ஊரில் எல்லோருக்கும் இந்த இரண்டாவது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. ஆள் எங்கோ நன்றாக இருக்கிறார், ஆனால் இடம் தெரியவில்லை என்பவர்களுக்கு முதல் வழி போதும். இரண்டு வழியுமே கணவன் மனைவி இருவருக்கும் பொது, மனைவியைக் காணாத ஆண்களும் இதே பாதையில்தான் போக வேண்டும்.

கைவிடுதல் என்றால் வீட்டைவிட்டுப் போவது மட்டும் போதாது. இனி சேர்ந்து வாழப்போவதில்லை என்ற எண்ணத்தோடு, நியாயமான காரணம் இல்லாமல், உங்கள் சம்மதமும் இல்லாமல் போயிருக்க வேண்டும். ஆளே முன்னால் இல்லாதபோது அவர் எண்ணத்தை எப்படி நிரூபிப்பது? அங்கேதான் பீரோ வருகிறது. விபத்தில் சிக்கியவன் துணிமணியும் ஆர்.சி. புத்தகமும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புவதில்லை. போன அன்று எதை எடுத்துக்கொண்டு போனார், எதை விட்டுவிட்டுப் போனார், கடைசியாக என்ன பேசினார் என்பதை நினைவு இருக்கும்போதே தேதியோடு எழுதி வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆள் உண்மையிலேயே காணாமல் போயிருக்கலாம், கடலுக்குப் போய்த் திரும்பாதவர், மனநிலை சரியில்லாமல் அலைந்து போனவர், இறந்திருப்பாரோ என்ற பயம் இருக்கிறது என்றால், விவாகரத்துக்கு அவசரப்படாதீர்கள். விவாகரத்து ஆகிவிட்டால் நீங்கள் அவருடைய மனைவி இல்லை, சொத்தில் வாரிசு உரிமையோ குடும்ப ஓய்வூதியமோ கேட்க முடியாது. ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருதலாம் என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது, பழைய சட்டத்தில் 108ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டத்தில் 111. அதை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்பு கேட்பது தனி வழி. எது உங்களுக்கு நல்லது என்பதை வக்கீலோடு உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, இப்போது தேடுதலுக்கு வருகிறேன். இந்த மாதிரி வழக்கின் உயிரே இதுதான். அவர் கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்வதை நீதிபதி அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார், எங்கெல்லாம் தேடினீர்கள் என்றுதான் கேட்பார். அக்கா செய்த ஒரே புத்திசாலித்தனம், பையனுடைய நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்தது. எந்தத் தேதியில் யாருக்கு போன் செய்தாள், அவர்கள் என்ன சொன்னார்கள், கம்பெனி சூப்பர்வைசரை எப்போது பார்த்தாள், மாமியார் வீட்டுக்கு எந்த பஸ்ஸில் போய் என்ன பதிலோடு வந்தாள், எல்லாம். பஸ் டிக்கெட்டைக்கூட ஒட்டி வைத்திருந்தாள். அந்த நோட்டைப் பார்த்துத்தான் எங்கள் வக்கீல் மனுவின் பாதியை எழுதினார்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஆள் காணவில்லை என்று புகார். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் விடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள், நகலை வாங்குங்கள். போலீஸ் அவரைக் கண்டுபிடித்தாலும், வயது வந்தவர் என்பதால் கையைப் பிடித்து வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அதுவும் உங்களுக்கு நல்லதுதான், விலாசம் கிடைத்துவிடும். அப்புறம் அவருடைய அப்பா அம்மா, அண்ணன் தம்பி விலாசங்களுக்கு ஒப்புகை அட்டையோடு ஒரு கடிதம் அனுப்புங்கள், இன்ன நாளிலிருந்து ஆள் இல்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சாதாரணமாக நாலு வரி போதும். பதில் வந்தாலும் ஆதாரம், வராவிட்டாலும் ஆதாரம். வாக்காளர் பட்டியல் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, பெயர் வேறு ஊருக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பேஸ்புக், வாட்ஸ்அப் எண், கூட வேலை பார்த்தவர்கள், அவர் கடன் வாங்கிய இடம், எதையும் விடாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் போய்த் தொடர்பு அறுந்தவர் என்றால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியலாம்.

மனு எங்கே போடுவது? கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், இவற்றோடு மனைவி மனுதாரர் என்றால் அவள் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். 2003 திருத்தத்தில் வந்த வசதி இது, அக்கா அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதால் எங்களுக்குப் பெரிய உதவி. கணவருக்கு இந்த வசதி இல்லை. ஆனால் துணை வெளிநாட்டில் இருந்தாலோ, ஏழு வருடமாகத் தகவலே இல்லை என்றாலோ யாராக இருந்தாலும் தங்கள் ஊரிலேயே போடலாம். குடும்ப நல நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே, இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்தில். கல்யாணமாகி ஒரு வருடத்துக்குள் பொதுவாக மனு போட முடியாது, நம் விஷயத்தில் எப்படியும் இரண்டு வருடம் தாண்டியிருக்கும்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் தர வேண்டும். கோர்ட் வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும், இல்லையென்றால் 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

மனு நம்பர் ஆனதும், அதாவது கோர்ட் அதைப் பதிந்து எண் கொடுத்ததும், எதிர்மனுதாரருக்கு சம்மன் போகும். சம்மன் கொண்டுபோவதற்கான பேட்டா கட்டினால் கோர்ட் ஊழியரான அமீனா கடைசியாகத் தெரிந்த விலாசத்துக்குப் போவார், தபாலிலும் ஒன்று போகும். எங்கள் வழக்கில் அது திருப்பூர் லைன் வீடு. அங்கே வேறு குடும்பம் குடிவந்திருந்தது, அமீனா பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்து "இங்கே இல்லை, போன இடம் தெரியவில்லை" என்று எழுதித் திருப்பினார். தபால் உறையும் திரும்பி வந்தது, முகப்பில் பேனாவால் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தபால்காரரின் சாய்ந்த கையெழுத்தில் அதே செய்தி. இப்படித் திரும்பி வருவது தோல்வி கிடையாது, அடுத்த படிக்கு இதுதான் சாவி.

அந்த அடுத்த படி பதிலி சார்பு, அதாவது நேரில் கொடுக்க முடியாத சம்மனை வேறு வழியில் சேர்ப்பது. உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 5, விதி 20. வழக்கமான முறையில் சம்மன் சேர்க்க முடியவில்லை என்று பிரமாண வாக்குமூலத்தோடு மனு போட்டால், கோர்ட் அறிவிப்புப் பலகையிலும் அவர் கடைசியாக இருந்த வீட்டிலும் சம்மனை ஒட்டச் சொல்லலாம், பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கச் சொல்லலாம். வக்கீல்கள் பேப்பர் பப்ளிகேஷன் என்பார்கள். அவர் கடைசியாக வாழ்ந்த பகுதியில் விற்கும் நாளிதழாக இருக்க வேண்டும், நீங்கள் இருக்கும் ஊர்ப் பதிப்பில் போட்டால் பிரயோஜனம் இல்லை. விளம்பரச் செலவு உங்களுடையது, எந்தப் பேப்பர் என்று உத்தரவாகும் முன்பே, குறைந்த கட்டணத் தமிழ் நாளிதழாக இருக்கட்டும் என்று வக்கீல் மூலம் கேட்கலாம். வந்த பிறகு துண்டை மட்டும் வெட்டாதீர்கள், பெயரும் தேதியும் தெரியும்படி முழுத் தாளோடு தாக்கல் செய்யுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் முதலில் பார்த்த வக்கீல் ஒருவர், ஏதாவது ஒரு பழைய விலாசம் போடுங்க, தானா திரும்பி வந்துரும், சீக்கிரம் முடிச்சிரலாம் என்றார். அக்கா வீட்டுக்காரருடைய தம்பி வீடு ஈரோட்டில் இருப்பது எங்களுக்குத் தெரியும், அதைச் சொல்ல வேண்டாம் என்றார் அந்த வக்கீல். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை, அந்த விலாசத்தையும் மனுவில் போட்டோம். அவள் செய்தது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. ஆள் வராமல் கொடுக்கப்படும் ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யச் சொல்லி அந்தக் கணவர் பின்னால் மனு போடலாம். அதற்கு 30 நாள்தான் கெடு, ஆனால் சம்மன் முறையாகக் கையில் சேரவில்லை என்றால் அந்த 30 நாள் தீர்ப்புத் தேதியிலிருந்து ஓடாது, அவருக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து ஓடும். பத்திரிகை விளம்பரம் இந்தக் கணக்கில் முறையாகச் சம்மன் சேர்த்தது ஆகாது என்று காலவரையறைச் சட்டத்திலேயே இருக்கிறது. அதாவது ஐந்து வருடம் கழித்துக்கூட ஒருவர் வந்து, எனக்கு இப்போதுதான் தெரியும் என்று சொல்ல முடியும். அன்று உங்களைக் காப்பாற்றப்போவது, தெரிந்த விலாசம் ஒன்றையும் மறைக்காமல் நேர்மையாகத் தேடினீர்கள் என்ற பதிவு மட்டும்தான். விலாசத்தை மறைத்தது தெரிந்தால் தீர்ப்பு போய்விடும், அதற்குள் மறுமணம் ஆகியிருந்தால் அந்த வாழ்க்கையும் சிக்கலாகும்.

விளம்பரம் வந்து குறித்த வாய்தா அன்று கோர்ட் வாசலில் அவர் பெயரை மூன்று முறை கூப்பிடுவார்கள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவள் திரும்பி வராண்டாவைப் பார்த்தாள். யாரும் வரவில்லை. எக்ஸ்பார்ட்டி ஆனது, அதாவது அவர் இல்லாமலேயே வழக்கு நடக்கும் என்று உத்தரவானது.

எக்ஸ்பார்ட்டி ஆனதும் ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வந்தாலும் வராவிட்டாலும் விவாகரத்துக்கான காரணம் நிஜமாகவே இருக்கிறதா, இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து நாடகம் ஆடுகிறார்களா என்று நீதிபதி பார்த்தே ஆக வேண்டும், இந்து திருமணச் சட்டத்தின் பிரிவு 23 அதைத்தான் சொல்கிறது. உங்கள் சாட்சியத்தைச் சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் நிரூபண வாக்குமூலம் தாக்கல் செய்து கூண்டில் ஏற வேண்டும். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, திருமணப் பதிவுச் சான்று, ரேஷன் கார்டு, எஃப்.ஐ.ஆர்., திரும்பி வந்த உறைகள், விளம்பரம் வந்த பேப்பர் எல்லாம் அசலாகக் கையில் இருக்கட்டும். உங்களோடு இன்னொரு சாட்சி இருந்தால் நல்லது, எங்களுக்கு லைன் வீட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்து சொன்னார். நீதிபதி அக்காவிடம் கேட்டது இரண்டே கேள்வி. கடைசியாக எப்போது பேசினார், மாமியாரைப் போய்ப் பார்த்தீர்களா. இரண்டுக்கும் தேதியோடு பதில் இருந்தது, நோட்டு புண்ணியத்தில். மனு நம்பர் ஆனதிலிருந்து உத்தரவு வர எங்களுக்கு 14 மாதம் ஆனது.

இஸ்லாமியப் பெண்களுக்கு 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். கணவர் இருக்கும் இடம் நான்கு வருடமாகத் தெரியவில்லை என்றால் கேட்கலாம், இரண்டு வருடம் பராமரிப்புச் செலவு கொடுக்கவில்லை என்பதும் தனிக் காரணம். இடம் தெரியாத காரணத்தில் போட்டால் கணவரின் வாரிசுகளுக்கு நோட்டீஸ் போக வேண்டும், அவருடைய அண்ணன் தம்பியையும், அவர் அப்பாவின் சகோதரர்களையும் சேர்க்க வேண்டும், தீர்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான் அமலாகும். கிறிஸ்தவர்களுக்கும், சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிந்தவர்களுக்கும் இந்துக்களைப் போலவே இரண்டு வருடம், ஏழு வருடம் என்ற கணக்குதான்.

முத்திரைத்தாளில் எழுதி வாங்குவது, ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தாலியைக் கழற்றி வைப்பது, இதையெல்லாம் நம்பி மறுமணம் செய்துகொள்ளாதீர்கள். வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கும் என்றாலும், அந்த வழக்கம் உங்கள் சமூகத்தில் காலங்காலமாக இருக்கிறது என்று நீங்கள்தான் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். தாசில்தார் கொடுக்கும் கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் அரசு உதவிகளுக்கு உபயோகப்படும், வழக்கில் துணை ஆதாரமாகவும் வைக்கலாம், ஆனால் அது கல்யாணத்தை முறிக்காது.

தீர்ப்பு வந்ததும் மறுநாளே தாலி கட்ட முடியாது. மேல்முறையீட்டுக் காலம் முடிய வேண்டும், 90 நாள் கழியட்டும். அதற்குள் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு இரண்டு மூன்று பிரதி வாங்கிவிடுங்கள், ரேஷன் கார்டில் பெயர் நீக்க, பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு, வங்கிக்கு என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்பார்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், முத்திரையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள், இன்னொரு நகல் வாங்க மறுபடி ஒரு மாதம் ஆனது.